9 வருட கீசரைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று மாடிக் குடியிருப்பில் முதல் மாடி, முழுக்க போர் தண்ணீர். 25 லிட்டர் கீசர் வாங்கி 9 வருடம் ஆகிறது, இதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. கொஞ்ச நாளாக ஆன் செய்தால் உள்ளே கரகரவென்று சத்தம். முன்பு மூன்று வாளிக்குக் காணும் வெந்நீர் இப்போது ஒன்றரை வாளியிலேயே ஆறிப்போகிறது. சில நாள் காலையில் டிரிப் ஆகிறது. அடியில் உள்ள சின்ன வால்விலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம். வந்த பிளம்பர் அதன் வாயில் ஒரு மூடியைப் போட்டு இறுக்கிவிட்டார், இப்போது சொட்டவில்லை. சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா, வாங்கினால் எத்தனை லிட்டர், கண்ணாடிப் பூச்சு டேங்கா ஸ்டீல் டேங்கா, இன்ஸ்டன்ட் கீசர் போதாதா, வீட்டில் 74 வயது அம்மா இருக்கிறார், எல்லாவற்றையும் யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மின்பெட்டியில் கீசருக்கான எம்சிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்சை இறக்கிவிடுங்கள். அந்த மூடியைக் கழற்றும்வரை வீட்டில் யாரும் அதை ஆன் செய்யக்கூடாது. தண்ணீர் நன்றாக ஆறியதும் வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு மூடியை எடுத்துவிடுங்கள். வந்த பிளம்பர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். சொட்டுகிறது என்று கூப்பிட்டீர்கள், சொட்டை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அந்தச் சின்ன வாய்தான் கீசருக்கு மூக்கு.

எங்கள் பாட்டி வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நடுவில் கரி போடும் குழாய், சுற்றிலும் தண்ணீர். மேலே இருக்கும் புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வெளியே வரும். இன்றைய கீசரும் இதே தத்துவம்தான். நீங்கள் வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது மாடித் தொட்டியிலிருந்து குளிர்ந்த நீர் டேங்கின் அடியில் நுழைந்து, மேலே நிற்கும் சூடான நீரைத் தள்ளி வெளியேற்றுகிறது. வித்தியாசம் ஒன்றுதான். பாட்டியின் பாய்லரில் புனல் எப்போதும் திறந்தே இருக்கும். கீசர் நாலாபக்கமும் மூடிய டேங்க். தண்ணீர் சூடானால் பருக்கும். 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 330 மில்லி, அதாவது ஒன்றரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பருக்கிறது. உள்ளே வரும் குழாயில் தண்ணீரைத் திரும்பவிடாத வால்வு இருப்பதால் அந்த ஒன்றரை டம்ளர் வந்த வழியே போக முடியாது. அது வெளியேற வைத்த வழிதான் நீங்கள் சொல்லும் சொட்டு வால்வு. அதை அடைத்தால் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் டேங்கின் தகடும் வெல்டிங்கும் அந்த அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். இதன்மேல், வைத்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, அது தவறினால் துண்டிக்க வைத்த கட்டவுட்டும் வேலை செய்யாமல் போனால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும். அந்த நிலையில் டேங்க் பிளந்தால் உள்ளே இருக்கும் நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். குளியலறைச் சுவர் அதைத் தாங்காது.

சூடாகிக்கொண்டிருக்கும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிட்டால் வால்வு சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதன் வாயில் ஒரு சின்ன டியூபை மாட்டி வடிகாலுக்கு விட்டுவிடுங்கள், போதும். கீசர் அணைந்திருக்கும்போதும் நாள் முழுக்கச் சொட்டினால் வால்வின் உள்ளே மணலோ சுண்ணாம்போ மாட்டியிருக்கிறது, அல்லது லைனில் அழுத்தம் அதிகம். அதன் கைப்பிடியை இரண்டு மூன்று முறை தூக்கி இறக்கினால் சில நேரம் தூசி அடித்துக்கொண்டு போய்விடும். போகவில்லையா, வால்வையே மாற்றுங்கள். கீசரில் விலை குறைந்த உதிரிகளில் அதுவும் ஒன்று.

நான் 22 வருடமாகக் கீசர் கழற்றி மாட்டுகிறவன். முதல் 7 வருடம் கோவையில், அப்புறம் சென்னையில். கோவையில் சிறுவாணித் தண்ணீர் ஓடும் வீடுகளில் 11, 12 வருடமான கீசரைத் திறந்தால்கூட உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் ஓரளவு சுத்தமாக இருக்கும். அதே மாடலை இங்கே பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீரில் 3 வருடத்தில் திறந்தால் எலிமென்ட்டே கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புக் கட்டிக்குள் புதைந்து கிடக்கும். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி? கீசரின் ஆயுளில் பெரும்பங்கை முடிவு செய்வது அதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் எதை வாங்கினாலும் பாதி குருட்டாம்போக்குதான்.

தண்ணீரில் கீசருக்கு இரண்டு எதிரிகள் உண்டு, இரண்டையும் நாம் உப்புத் தண்ணீர் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஒன்று கடினத்தன்மை. கால்சியம், மெக்னீசியம் கரைந்த தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்திருந்த பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கே, அதாவது எலிமென்ட்மேல் ஒட்டுகிறது. இன்னொன்று குளோரைடு, நிஜமான உப்பு. இது படியாது, அரிக்கும். திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கடல்நீர் ஏறிய போர்களில் இந்தத் தொல்லை. ஒன்று எலிமென்ட்டைக் கெடுக்கும், மற்றது டேங்கை ஓட்டை போடும். கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லாது, மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும் காட்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துக் கட்டணம் கட்டினால் கடினத்தன்மை எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தருவார்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 600 வரை பரவாயில்லை. குளோரைடுக்கு அந்த எண்கள் 250, 1,000. கீசருக்கும் இந்த எண்களையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். லாரித் தண்ணீர் வாங்குகிற வீடு என்றால் ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு ரகம், அதனால் மோசமானதைக் கணக்கில் வைத்தே யோசியுங்கள்.

இப்போது உங்கள் கீசர் சொல்லும் அறிகுறிகளுக்கு வருவோம். கரகர சத்தம் சுண்ணாம்புதான். எலிமென்ட்டைச் சுற்றி ஒட்டிய படிவத்துக்கு அடியில் மாட்டிய நீர் கொதித்து, ஆவிக்குமிழி வெடித்து வெளியேறும் சத்தம் அது. சுண்ணாம்பு சூட்டைச் சுலபமாகக் கடத்தாது. அதனால் எலிமென்ட் உள்ளுக்குள் அளவுக்கு மீறிக் காய்கிறது, ஒருநாள் உறை வெடிக்கிறது. வெந்நீர் குறைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எலிமென்ட்டுக்கு அருகிலேயே தெர்மோஸ்டாட் குழாய் இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சுண்ணாம்பு பிடித்துவிட்டால் தெர்மோஸ்டாட்டுக்குத் தண்ணீரின் சூடு தெரியாது, எலிமென்ட்டின் சூடுதான் தெரியும். தண்ணீர் காய்வதற்கு முன்னாலேயே கட் ஆகிவிடும். டிரிப் ஆவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. எது விழுகிறது என்று பாருங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும், சோதனைப் பட்டன் இருக்கும் ஆர்சிசிபி விழுந்தால், எலிமென்ட் உறை விரிசல் விட்டு மின்சாரம் தண்ணீரில் கசிகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். கீசருக்கான எம்சிபி மட்டும் விழுந்தால் ஷார்ட்டாகவோ, பிளக் பாயின்ட்டில் லூஸ் கனெக்ஷன் சூடேறுவதாகவோ இருக்கலாம். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கருகிய நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும், ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லும் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எலிமென்ட், தெர்மோஸ்டாட், கட்டவுட், வால்வு, கேஸ்கெட் எல்லாமே மாற்றக்கூடிய உதிரிகள். 5 வருடமான கீசர் என்றால் தயங்காமல் மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள் என்பேன். டேங்க் ஓட்டையானால் மட்டும் ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது. வால்வில் சொட்டாமல் உடம்பின் அடியிலிருந்தோ மூடியின் விளிம்பிலிருந்தோ துருநிறத் தண்ணீர் கசிந்தால் டேங்க் போய்விட்டது. எம்சீல் வைப்பதும், வெல்டிங் வைப்பதும் சில வாரக் கதை. கண்ணாடிப் பூச்சு டேங்கில் வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் பூச்சும் உதிர்ந்துவிடும்.

உங்களுடையது 9 வருடம், ஒருமுறைகூட ஆனோட் ராடு மாற்றவில்லை. இந்த ஆனோட் ராடு என்பது டேங்குக்குள் தொங்கும் மெக்னீசியத் தண்டு. இரும்பைவிட மெக்னீசியம் சீக்கிரம் அரிபடும் உலோகம். எங்காவது பூச்சு விட்டுப்போய் இரும்பு வெளியே தெரிந்தால் அரிப்பை இது தன்மேல் வாங்கிக்கொண்டு டேங்கைக் காப்பாற்றும். தான் கரைந்து தீரும்வரை காக்கும், தீர்ந்த அன்றிலிருந்து டேங்கின் இரும்பு துருப்பிடிக்க ஆரம்பிக்கும். போர் தண்ணீரில் ஒரு தண்டு இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் நல்லது. உங்களுடையது எப்போதோ கரைந்து வெறும் கம்பி மட்டும் நிற்கும். ஆக, எலிமென்ட் போயிருக்கிறது, தெர்மோஸ்டாட் சந்தேகம், வால்வு மாற்ற வேண்டும், ஆனோட் இல்லை, அடைத்த வால்வோடு எத்தனையோ முறை அழுத்தம் வாங்கிய டேங்க். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு மொத்தச் செலவைக் கேளுங்கள். புதுக் கீசர் விலையில் பாதியைத் தொட்டால் யோசிக்கவே வேண்டாம். என் அபிப்பிராயம், மாற்றிவிடுங்கள்.

சரி, எத்தனை லிட்டர்? இதில்தான் எல்லோரும் அதிகமாக வாங்குகிறார்கள். கீசருக்குள் இருக்கும் 60 டிகிரி நீரில் யாரும் குளிப்பதில்லை, பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்துதான் குளிக்கிறோம். தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 15 லிட்டர் கீசரிலிருந்து கணக்குப்படி 40 லிட்டர் குளிக்கும் நீர் கிடைக்கும், 25 லிட்டரிலிருந்து 66 லிட்டர். கடைசிப் பகுதியில் குளிர்ந்த நீர் கலந்துவிடும் என்பதால் அதில் முக்கால் பங்கை நம்பலாம். அப்படியானால் 15 லிட்டரில், 20 லிட்டர் வாளிக்கு ஒன்றரை வாளி உறுதி. 2 கிலோவாட் எலிமென்ட் அந்த 15 லிட்டரைத் திரும்பவும் காய்ச்ச 17 நிமிடம் போதும், ஒருவர் குளித்து வந்து அடுத்தவர் போவதற்குள் தயாராகிவிடும். இதே கணக்கை ஊட்டியில் போட்டுப் பாருங்கள். அங்கே தண்ணீர் 15 டிகிரியில் வந்தால் 25 லிட்டர் கீசரே 45 லிட்டர்தான் தரும். ஊட்டிக்காரர் 25, 35 லிட்டர் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. தாம்பரத்தில் வாளியில் மொண்டு குளிக்கும் நாலு பேருக்கு 15 லிட்டர் தாராளம். ஷவரில் நின்று பத்து நிமிடம் குளிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் 25.

இன்ஸ்டன்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 3 லிட்டர் டேங்க், 3 கிலோவாட் எலிமென்ட். 28 டிகிரி நீரை 40 ஆக்கினால் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் தரும், 20 லிட்டர் வாளி நிரம்ப ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சமையலறைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் அருமையான பொருள். வாளிக் குளியலுக்கும் சென்னையில் ஒப்பேற்றலாம். ஆனால் கடினத் தண்ணீரில் சின்ன டேங்குக்குள் பெரிய எலிமென்ட் என்பது சுண்ணாம்புக்கு விருந்து. வயதானவர் இருக்கும் வீட்டில் குழாயைக் கொஞ்சம் குறைத்துத் திறந்தால் சட்டென்று கொதிக்கக் கொதிக்க வந்துவிடும். உங்கள் வீட்டுக் குளியலறைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

டேங்க் விஷயத்தில் குளோரைடு எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். 250-ஐத் தாண்டினால் நான் ஸ்டீல் டேங்க் போடமாட்டேன். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நாம் நம்புகிறோம். சூடான உப்பு நீரில் வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை போல ஓட்டை விழும், வெளியே பளபளவென்று இருக்கும்போதே சொட்ட ஆரம்பிக்கும். அங்கே கண்ணாடிப் பூச்சுப் போட்ட டேங்கும் ஒழுங்காக மாற்றப்படும் ஆனோடும்தான் நிற்கும். குளோரைடு குறைவாகவும் கடினத்தன்மை மட்டும் அதிகமாகவும் இருந்தால் இரண்டுமே சரி. எலிமென்ட் மட்டும் செம்பு உறையாக இல்லாமல் இன்கலாய் என்ற நிக்கல் கலப்பு உலோக உறையாகவோ கண்ணாடிப் பூச்சு உள்ளதாகவோ பார்த்து வாங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஸ்டார் லேபிளும் கட்டாயம் இருக்க வேண்டும். டேங்க் 8 பார் அழுத்தம் தாங்குமா என்று பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு, உங்கள் முதல் மாடிக்கு மாடித் தொட்டியிலிருந்து வரும் அழுத்தம் சாதாரணம்தான். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளும் உயரமான அடுக்ககங்களில் கீழ்த்தளங்களும்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும். இடம் இருந்தால் நிற்கும் மாடலையே வாங்குங்கள். படுத்த மாடலில் சூடான நீரும் குளிர்ந்த நீரும் சீக்கிரம் கலந்துவிடும், பரணுக்குள் ஒளிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் அது.

ஸ்டார் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீரைச் சூடாக்க ஆகும் மின்சாரம் எல்லாக் கீசருக்கும் ஒன்றுதான், இயற்பியலில் தள்ளுபடி கிடையாது. நாலு பேர் தலைக்கு ஒரு வாளி என்று 80 லிட்டர் குளித்தால் ஒரு நாளைக்கு 1.1 யூனிட். ஸ்டார் அளப்பது, சூடாகி நிற்கும் டேங்கிலிருந்து நாள் முழுக்கச் சூடு எவ்வளவு வீணாகிறது என்பதை. கீசரை 24 மணி நேரமும் ஆனில் விட்டால் அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை இப்படியே போகும், அதாவது குளிக்க ஆகும் செலவில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ சும்மாவே போகிறது. இரண்டு மாத ரீடிங்கில் அது 30 முதல் 60 யூனிட். காலையில் அரை மணி நேரம் போட்டு அணைக்கும் வீட்டில் 4 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் பெரிய வித்தியாசம் வராது. காய்ச்சிய கையோடு எல்லோரும் வரிசையாகக் குளித்துவிட்டால் அதுவே பெரிய மிச்சம்.

அம்மாவுக்காக வெப்ப அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 60 டிகிரி நீர் மேலே பட்டால் 5 நொடியில் கடுமையாகச் சுட்டுவிடும், வயதானவர்களின் தோல் மெலிது, இன்னும் சீக்கிரம். சூடு என்று சுதாரித்து விலகவும் அவர்களுக்கு நேரம் எடுக்கும். அப்படியானால் 45-இல் வைத்துவிடலாமே என்று தோன்றும். நாள் கணக்கில் வெதுவெதுப்பாகவே நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். 20 முதல் 45 டிகிரி வரை அதற்குச் சுகமான இடம். அந்த நீரின் திவலைகளை மூச்சில் இழுத்தால் வயதானவர்களுக்கு நிமோனியா வரலாம். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய பிறகுதான் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள், அந்த முறை அது பரவியது குளிரூட்டும் அமைப்பு வழியாக. எனவே தெர்மோஸ்டாட்டை 60-இல் வையுங்கள். அதற்கு மேல் 70, 75 வேண்டாம், சுண்ணாம்பு படிவது வேகமாகும். வாளியில் எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். அம்மா குளிக்கும் வாளியை வேறொருவர் கலந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு வைத்தால் இன்னும் நல்லது. ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் கழித்து வந்தால், கீசரை முழுக்கச் சூடாக்கி ஒரு டேங்க் தண்ணீரை ஜன்னலைத் திறந்து வைத்து வெளியே விட்டுவிட்டுப் பிறகு குளியுங்கள்.

மாட்டும்போது மின்சார வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்சிபி, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, எல்லாவற்றுக்கும் மேலாக உயிருள்ள எர்த். பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, எலக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி எங்கோ அறுந்து கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். குளிக்கப் போகும் முன் ஸ்விட்சை அணைக்கும் பழக்கத்தையும் விடாதீர்கள். வெந்நீர் லைன் சூடு தாங்கும் சிபிவிசி குழாயாக இருக்கட்டும், சாதாரண பிவிசி இந்தச் சூட்டில் இளகிவிடும். தண்ணீரோடு சேர்த்து 15 லிட்டர் கீசர் 20 கிலோவைத் தாண்டும், ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண போல்ட் பிடிக்காது.

சிலர் மின்செலவுக்குப் பயந்து கேஸ் கீசர் பக்கம் போகிறார்கள். அதைக் குளியலறைக்குள் மட்டும் மாட்டாதீர்கள். மூடிய அறையில் எரியும் வாயு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. தலைசுற்றல் என்று உணர்வதற்குள் ஆள் விழுந்துவிடுவார், கதவோ உள்ளே தாழிட்டிருக்கும். வெளியில், காற்றோட்டமான பால்கனியில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர முடிந்தால் மட்டுமே யோசியுங்கள்.

புதுக் கீசரை எப்படிப் பார்த்துக்கொள்வது? போர் தண்ணீரில் வருடத்துக்கு ஒருமுறை திறந்தாக வேண்டும். மார்கழிக் குளிருக்கு முன்னால், ஐப்பசியில் செய்துவிட்டால் வசதி. மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, உள்வரும் தண்ணீரை அடைத்து டேங்கைக் காலி செய்ய வேண்டும். கீழ்த்தட்டைக் கழற்றி, படிந்த சுண்ணாம்பை அள்ளி, எலிமென்ட்டைச் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரில் ஊறவைத்தால் நுரைத்து உதிரும். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிடை உள்ளே விடுவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், அது உலோகத்தையும் தின்னும். கண்ணாடிப் பூச்சு டேங்கைச் சுத்தியலால் தட்டவும் விடாதீர்கள், வெளியே தட்டினால் உள்ளே பூச்சு விரிசல் விடும். ஆனோட் ராடு பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் மாற்றுங்கள். திறந்த ஒவ்வொரு முறையும் கேஸ்கெட் புதிது. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது தண்ணீரில் இருக்கும் சல்ஃபேட்டும் கிருமியும் மெக்னீசியத் தண்டும் சேர்ந்து செய்யும் வேலை. அலுமினியம், துத்தநாகம் கலந்த தண்டாக மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். குடியிருப்புக்கு மொத்தமாக, கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் வைத்தால் சுண்ணாம்புத் தொல்லை போய்விடும். ஆனால் சாஃப்ட்னர் தண்ணீரில் ஆனோட் இன்னும் வேகமாகக் கரையும், அதைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். வாரண்டி அட்டையையும் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். டேங்குக்கு 5, 7 வருடம் என்று பெரிதாகப் போட்டிருக்கும், அதற்குக் கீழே தண்ணீரின் தன்மை பற்றியும் ஆனோட் மாற்றுவது பற்றியும் நிபந்தனை இருக்கலாம்.

கீசர் மாட்டி முடித்த அன்று ஆளை உடனே அனுப்பிவிடாதீர்கள். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துத் தண்ணீரை விடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் காற்று புஸ்புஸ்ஸென்று வெளியேறி, தண்ணீர் தடையில்லாமல் ஒரே சீராகக் கொட்டிய பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும். காலி டேங்கில் ஆன் செய்தால் எலிமென்ட் சில நிமிடத்தில் கருகிவிடும், புதுக் கீசர் முதல் நாளே சாவது பெரும்பாலும் இப்படித்தான். ஆர்சிசிபியின் சோதனைப் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் வால்வின் டியூபுக்கு அடியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு 60 டிகிரிக்குக் காயவிடுங்கள். 15 லிட்டர் கீசரில் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் சேர வேண்டும். சேர்ந்தால் வால்வு திறக்கிறது. ஒரு சொட்டும் வரவில்லை என்றால் ஆள் கிளம்புவதற்குள் காரணத்தைக் கேளுங்கள்.

மாட்டிய தேதியையும் அடுத்த வருடம் ஆனோட் பார்க்க வேண்டிய மாதத்தையும் ஒரு பேப்பரில் எழுதி எம்சிபி பெட்டியின் கதவில் உட்புறமாக ஒட்டிவையுங்கள். ஆய்வகத்திலிருந்து தண்ணீரின் கடினத்தன்மை, குளோரைடு எண்கள் வந்ததும் எழுதுங்கள், எந்த டேங்க் என்பதை அப்போது உறுதியாகச் சொல்கிறேன். அதுவரை அம்மாவுக்கு அடுப்பில் காய்ச்சியே ஊற்றுங்கள்.